பிராண்டு அப்புறம், முதலில் டேப்: குட்டை ஸ்கேல் ஹாலோ பேஸுக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பி

வயலின் உருவத்தில் ஒரு பேஸ் கிட்டாரை வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு கம்பிண்ணா நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "டெயில்பீஸிலிருந்து நட் வரைக்கும் எத்தனை இன்ச் வருது?" டெயில்பீஸ் என்பது கம்பியின் அடிமுனை மாட்டும் இடம், நட் என்பது தலைப் பக்கம் கம்பிகள் உட்காரப் பள்ளம் வெட்டிய துண்டு. அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அளந்திருக்க மாட்டார்கள். அளக்காத வரைக்கும் பிராண்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை, பணம்தான் போகும்.

சேலம் குகையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் கையில் செப்புக் கம்பியும் ஸ்க்ரூ கேஜும்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ், முகூர்த்த நாட்களில் ஆர்க்கெஸ்ட்ரா, கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ஏதாவது ஓட்டல் புல்வெளியில் கச்சேரி. கம்பி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம், தொழில் அப்படி.

எந்த மாதிரி பேஸைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண பேஸ் கிட்டாரில் நட்டிலிருந்து, உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரைக்கும் 34 இன்ச். இந்தத் தூரம்தான் ஸ்கேல். குட்டை ஸ்கேல் என்றால் 30, இல்லாவிட்டால் 30.5. ஹாலோ என்றால் உடம்பு உள்ளே காலி, மேலே மெல்லிய பலகை. இதில் பேர் போனது ஜெர்மனியின் ஹோஃப்னர் 500/1. 1961-ல் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாங்கினாரே, அதுதான். அவர் இடது கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற உடம்பு என்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்று வாங்கியிருக்கிறார், விலையும் அன்றைக்குக் குறைவு. அந்த பேஸ் 1972-ல் திருடு போய், 2024-ல்தான் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள். நம் பக்கம் கண்ணில் படுவது பெரும்பாலும் அதே உருவத்தில் வரும் மலிவு வரிசைகள், அப்புறம் ஐபனேஸ், எபிஃபோன் மாதிரி கம்பெனிகளின் பாதி காலியான குட்டை பேஸ்கள். நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் பிரிட்ஜ் திருகு போட்டு இறுக்காமல் வெறுமனே பலகை மேல் உட்கார்ந்திருக்கிற வகைக்குத்தான் (மிதக்கும் பிரிட்ஜ் என்பார்கள்) இது அதிகம் வேண்டும்.

சரி, ஃப்ளாட்வவுண்ட் என்றால் என்ன? பேஸ் கம்பி எதுவானாலும் நடுவில் ஒரு எஃகுக் கம்பி ஓடும். அதன் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றி விட்டுவிட்டால் ரவுண்ட்வவுண்ட். அந்தச் சுற்றுக்கு மேலே கடைசியாகத் தட்டையான நாடாவை நெருக்கமாகச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உருண்டைக் கம்பியை இரண்டு உருளைக்கு நடுவே விட்டுத் தட்டையாக்குவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டைக் கம்பியைச் சந்து தெரியாமல் சுற்றினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இது. விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்று போகும். ரவுண்ட்வவுண்டில் வரும் கீச்சுச் சத்தம் இதில் இல்லை. சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது நோட்டு மாற்றக் கையை நகர்த்தினால் ஆம்பில் 'க்ரீச்' என்று கேட்குமே, அது நின்றுவிடும். இதற்காகவே மாற்றியவர்கள் உண்டு.

சத்தத்தைப் பொறுத்தவரை ஃப்ளாட்வவுண்டில் மேல் அலைகள் குறைவு, அடிநாதம் கனமாக இருக்கும், நோட்டு சீக்கிரம் அடங்கும். ஹாலோ உடம்பும் இதே குணம் கொண்டதுதான். இரண்டும் சேரும்போது டபுள் பேஸை விரலால் மீட்டுகிற மாதிரி ஒரு 'தும்' வரும். எல்லோரும் தேடுவது அதைத்தான். கட்டை விரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிக்கப் போகிறவருக்கு இந்தக் கம்பியும் வேண்டாம், இந்த பேஸும் வேண்டாம்.

இப்போது நீளத்துக்கு வருகிறேன். இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

கம்பி உறையில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று போட்டிருந்தால் 30 இன்ச் பேஸுக்குச் சரியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். திருகு போட்ட சாதாரண பிரிட்ஜில் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அங்கே கம்பியின் குண்டு முனை பிரிட்ஜுக்கு ஒன்றரை, இரண்டு இன்ச் பின்னால்தான் மாட்டிக்கொள்கிறது. ஆனால் வயலின் மாதிரி பேஸில் பிரிட்ஜுக்குப் பின்னால் டெயில்பீஸ் என்று தனியாகத் தொங்குகிறது. கம்பி அங்கிருந்து புறப்பட்டு, பிரிட்ஜைத் தாண்டி, 30 இன்ச் ஓடி, நட்டைத் தாண்ட வேண்டும். ஸ்கேல் 30 என்றாலும் கம்பிக்கு வேண்டிய நீளம் அதைவிட நிறைய.

ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருக்கும் ஒரு தம்பி, தன் பேஸைக் கித்தான் பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தான். புதுக் கம்பி, நல்ல ஃப்ளாட்வவுண்ட், ஆனால் நான்கில் தடித்த ஈ-கம்பி மட்டும் சத்தம் செத்துக் கிடக்கிறது என்றான். மீட்டிப் பார்த்தேன். 'டப்' என்று ஒரு தட்டு, சுருதியே இல்லை. தலைப் பக்கம் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஈ-கம்பியின் தடித்த பகுதியே, சுருதி ஏற்றத் திருகும் கீயின் தண்டைச் சுற்றியிருந்தது. அந்தத் தண்டு சுண்டு விரலில் பாதி கூட இல்லை, அதில் தடிக் கம்பியை வளைத்தால் என்ன ஆகும்? வளைவின் வெளிப்பக்கம் நாடா விரிந்து, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து. உள்ளே இருக்கும் உருண்டைச் சுற்று வெளியே பளபளக்கிறது. ஒரு இடத்தில் நாடா இளகிவிட்டால் அந்தத் தளர்வு கம்பி முழுக்க ஓடும், அப்புறம் நாதம் வராது.

"அண்ணா, பேஸ் ஸ்ட்ரிங்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்னு கடையில சொன்னாங்க."

"அது பெரிய பேஸுக்குத் தம்பி. அந்த டேப்பை எடு."

டெயில்பீஸின் பள்ளத்திலிருந்து நட் வரைக்கும் அளந்தோம், 33½ இன்ச். நட்டிலிருந்து ஈ-கம்பியின் கீ வரை 1¾. அவன் போட்டிருந்தது லாங் ஸ்கேல் செட். அதில் குண்டு முனையிலிருந்து சுமார் 36 இன்ச் வரை தடிமன் குறையாது. 36-ல் 33½ போனால் நட்டுக்கு வெளியே 2½ இன்ச் தடித்த பகுதி. கீ 1¾-லேயே வந்துவிடுகிறது. மிச்சம் முக்கால் இன்ச் தடிக் கம்பி தண்டில் ஒரு சுற்றுப் போட்டாக வேண்டும். வேறு வழியில்லை. பதிலுக்கு 32 இன்ச் வரை வரும் ஷார்ட் ஸ்கேல் செட்டை வாங்கியிருந்தால் நேரெதிர்த் தொல்லை: தடித்த பகுதி நட்டை எட்டும் முன்பே முடிந்து, முனையில் சுற்றியிருக்கும் பட்டு நூல் நட்டுக்கு உள்பக்கமாக, முதல் ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒட்டியே வந்து உட்கார்ந்துவிடும். அந்தத் தம்பியின் பேஸுக்கு வேண்டியது 34 இன்ச் வரை வரும் மீடியம் ஸ்கேல். நட்டைத் தாண்டி அரை இன்ச், அப்புறம் மெலிகிற இடம், அப்புறம் பட்டு நூல், அப்புறம் கீ. அப்படி அமைந்தால் அழகு.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது: தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, டெயில்பீஸில் குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து பிரிட்ஜின் மேல் வழியாக நட் வரைக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நட்டிலிருந்து ஈ-கம்பியின் கீ வரைக்கும் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கீ இருக்கும் தலையானாலும், வரிசையாக நான்கு இருக்கும் தலையானாலும் ஈ-யின் கீதான் நட்டுக்கு ஒட்டினாற்போல் வரும், அங்கேதான் இடம் பத்தாது. கம்பியின் தடித்த பகுதி முதல் அளவைவிடக் கூடுதலாகவும், இரண்டு அளவையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். உறையில் ஸ்கேல் பெயர் மட்டும் போட்டு நீளம் போடாத கம்பெனிகளும் உண்டு. அப்படியானால் தயாரிப்பாளரின் தளத்தில் 'வைண்டிங் லெங்த்' என்று தேடுங்கள். விற்பவரைக் கேட்டால் "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்பதுதான் பதிலாக வரும்.

நீளம் தெரிந்துவிட்டது என்றால் அடுத்தது டென்ஷன். கம்பியின் இழுவிசை அதன் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே கம்பியை, ஒரே சுருதியில், 34 இன்ச் பேஸிலிருந்து எடுத்து 30 இன்ச்சில் மாட்டினால் இழுவிசை கிட்டத்தட்ட 22 சதவீதம் குறைந்துவிடும். விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் ஈ-கம்பி தொளதொளத்து ஃபிரெட்டில் இடிக்கும். அதைச் சரிக்கட்டத் தடிமனைக் கூட்டலாமா என்றால், கணக்குப்படி 100 அளவுக் கம்பிக்குப் பதிலாக 113 போட்டால் பழைய இறுக்கம் வந்துவிடும். இந்த 100 என்பது இன்ச்சில் ஆயிரத்தில் நூறு பங்கு, நம் கணக்கில் 2.54 மில்லிமீட்டர்.

வந்துவிடும்தான், ஆனால் ஹாலோ பேஸில் அதைச் செய்ய மாட்டேன். ஒன்று, மேல்பலகை. மிதக்கும் பிரிட்ஜில் கம்பிகள் எல்லாம் சேர்ந்து பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. உள்ளே காலியில்லாத முழுக்கட்டை பேஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகைக்குப் பொருட்டு. பழைய ஹாலோ பேஸ்களில் பிரிட்ஜுக்கு அடியில் பலகை கிண்ணம் மாதிரி குழிந்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டாவது, தடித்த கம்பி குட்டை நீளத்தில் வளைந்து கொடுக்காது. விறைத்த கம்பியில் மேல் அலைகள் சுருதியைவிட்டு விலகும், ஈ-கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலே போனால் குழப்பமாகக் கேட்கும். மூன்றாவது, நட்டின் பள்ளம் அந்தத் தடிமனுக்கு வெட்டியிருக்காது. அரம் போட்டு ராவ வேண்டியிருக்கும். ஒருமுறை ராவிவிட்டால் மெல்லிய கம்பிக்குத் திரும்பிப் போக முடியாது.

அதனால் ஈ-க்கு சுமார் 95 முதல் 100, நான்கில் மெல்லிய ஜி-க்கு சுமார் 40 முதல் 45, இந்த எல்லைக்குள் இருங்கள் என்பது என் கட்சி. முதலில் உங்கள் பேஸோடு வந்த கம்பியை அளந்து பாருங்கள். ஸ்க்ரூ கேஜ் இல்லாவிட்டால் அருகில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள், சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அதே அளவுக்குப் பக்கத்தில் வாங்கினால் நட், நெக், பிரிட்ஜ் எதுவும் மல்லுக்கட்டாது.

இப்போது பிராண்டு பேசலாம். தாமஸ்டிக்-இன்ஃபெல்ட், வியன்னாக்காரர்கள். அவர்களுடைய ஜாஸ் ஃப்ளாட்ஸ் முழு நிக்கல் நாடா, டென்ஷன் குறைவு, நடுச் சத்தம் நன்றாகப் பாடும். குட்டை ஸ்கேலுக்குத் தனி செட் உண்டு. விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். பிரமிட் கோல்டு, ஜெர்மனியில் பூபென்ராய்ட் ஊர், ஹோஃப்னரும் நெடுங்காலம் அந்த ஊரில்தான் இருந்தது. அதுவும் நிக்கல், நடுவில் ஓடும் கம்பி உருண்டை வகை. ஹோஃப்னர் மாதிரி பேஸ்களுக்கென்றே அளவெடுத்த செட் வருவதால் நீளத் தலைவலி கிடையாது. அமெரிக்காவின் லா பெல்லாவும் அதே பேஸுக்கென்று 39-லிருந்து 96 வரை ஒரு மெல்லிய ஃப்ளாட்வவுண்ட் செட் செய்கிறது, இது ஸ்டெயின்லெஸ். டடாரியோ குரோம்ஸ் நம் நாட்டில் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும், ஷார்ட் ஸ்கேலில் 45, 65, 80, 100. ஸ்டெயின்லெஸ் நாடாவைப் பாலிஷ் போட்டது. ஃப்ளாட்வவுண்டுகளில் கொஞ்சம் பளிச்சென்று கேட்கும், இறுக்கமும் கூடுதல். இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் 77 மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலவை. அதன் கரகரப்பு சிலருக்கு உயிர், எனக்கு ஒத்துவரவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், உருக்காலையே இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம் வரும். எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாதே, காந்தத்தில் ஓடும் பிக்கப் எப்படி எடுக்கும்? காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ்ஸும் உண்டு. அது போக, நடுவில் ஓடுவது எப்படியும் காந்தம் ஒட்டும் எஃகுதான். கறுப்பு நைலான் நாடா சுற்றிய கம்பி வேலை செய்வதும் அந்த நடுக்கம்பியால்தான். நைலான் வகை இன்னும் மெத்தென்று இருக்கும், டபுள் பேஸுக்கு இன்னும் கிட்டே போகும். ஆனால் பருமன் கூடுதல் என்பதால் நட் பள்ளத்தில் உட்காராமல் மேலே நிற்கும். பள்ளத்தைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

இதில் எதை எடுப்பது என்பது நீங்கள் எங்கே வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டுப் பேஸ்காரர்கள் ஃப்ளாட்வவுண்ட் என்றதும் ஜேம்ஸ் ஜேமர்ஸனைச் சொல்வார்கள். அமெரிக்காவின் மோடவுன் இசைக் கம்பெனிப் பாட்டுகளில் வாசித்தவர், தடியான லா பெல்லா ஃப்ளாட்வவுண்டைப் போட்டால் அறுகிற வரைக்கும் மாற்றமாட்டார் என்று பெயர். அவர் வாசித்தது 34 இன்ச் முழுக்கட்டை பேஸ். அந்தத் தடிக் கம்பியை அப்படியே நம் வயலின் பேஸில் மாட்ட நினைப்பது தப்பு. நம் ஆர்க்கெஸ்ட்ராவில் வேறு ஒரு தேவையும் இருக்கிறது. எண்பதுகளின் இளையராஜா பாட்டை எடுத்தால் பேஸ் பின்னால் தட்டிக்கொண்டு நிற்காது, தனியாக ஒரு மெட்டே பாடும், மேல் ஃபிரெட்டுகளுக்கு ஏறி இறங்கும். அங்கே வெறும் 'தும்' மட்டும் வந்தால் மண்டபத்தின் பின்வரிசைக்கு என்ன நோட்டு என்றே தெரியாது. அதற்கு நடுச் சத்தம் உள்ள நிக்கல், இல்லையென்றால் மெல்லிய ஸ்டெயின்லெஸ். சர்ச்சில் பாமாலைக்கு அடிநாதம் மட்டும் பிடிப்பவருக்கு எந்த ஃப்ளாட்வவுண்டும் போதும், குரோம்ஸே தாராளம்.

மாட்டுவதில் சில விஷயங்கள் ஃப்ளாட்வவுண்டுக்கும் மிதக்கும் பிரிட்ஜுக்கும் மட்டும் உரியவை. நான்கு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது, பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். முதலில் பிரிட்ஜின் இரண்டு கால்களையும் சுற்றிப் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி எல்லை போட்டுக்கொள்ளுங்கள். செல்லோ டேப் வேண்டாம், பாலிஷை உரித்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள்.

கம்பியை வெட்டுவதற்கு முன் குறடால் தொண்ணூறு பாகைக்கு மடித்துவிட்டு, மடிப்புக்கு அந்தப் பக்கம்தான் வெட்ட வேண்டும். நடுக்கம்பி உருண்டையாக இருக்கும் பிரமிட் மாதிரி செட்டுகளில் இதை மறந்தால் நாடாவின் பிடி விட்டு, கம்பி கைக்குள்ளேயே செத்துவிடும். மோட்டார் காயிலிலும் சுற்றை இழுப்பில் வைத்துக்கொண்டேதான் முனையை வெட்டுவேன், கைப்பழக்கம் வந்துவிட்டது. கீயைத் தாண்டி இரண்டு இன்ச் விட்டு வெட்டினால் தண்டில் இரண்டு சுற்று வரும், அது போதும். சுற்றும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள விடாதீர்கள். குண்டு முனையைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டால் முறுக்கு தானாக வெளியேறும்.

சுருதி ஏற்றும்போது கம்பி பிரிட்ஜின் தலையை நட் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அடிக்கால் பலகையில் நிற்க, தலை மட்டும் சாயும். பக்கவாட்டில் குனிந்து பார்த்து, இரண்டு கைகளாலும் பிடித்து நிமிர்த்துங்கள். நிமிர்த்தாமல் விட்டால் ஒருநாள் பிரிட்ஜ் மடிந்து பலகையில் அறையும். நட்டில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் பெரும்பாலும் அடங்கும்.

பிறகு ஸ்வரம் சரியா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஹார்மோனிக் எடுங்கள், பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய நோட்டு ஏறிக் கேட்டால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் நகர்த்துங்கள், இறங்கிக் கேட்டால் நட் பக்கம். ஈ-பக்கமும் ஜி-பக்கமும் தனித்தனியாக நகர்த்துவதால் கடைசியில் பிரிட்ஜ் கொஞ்சம் கோணலாக நிற்கும், நிற்கட்டும். ஹோஃப்னர் வகை பிரிட்ஜில் மரத்தில் வரிவரியாகக் கீறல் இருக்கும், அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு துண்டு ஃபிரெட் கம்பி செருகியிருக்கும். அந்தத் துண்டை ஒரு கீறல் முன்னே பின்னே மாற்றிப் போடலாம், கெட்டியாக ஒட்டவில்லை. இந்த வேலை முடிந்ததும் காகித டேப்பை உரித்துவிடுங்கள், நாளாக்கினால் பசை நிற்கும்.

புதுக் கம்பியைப் போட்ட அன்றே தீர்ப்பு எழுதாதீர்கள். ஃப்ளாட்வவுண்ட் முதலில் கொஞ்சம் உலோகச் சத்தம் போடும். சில வாரம் வாசித்த பிறகுதான் தணிந்து தன் நிலைக்கு வரும். அப்படியும் வால் நீண்டு ஒலித்தால் பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஃபோம் துண்டைச் செருகுங்கள். மிக்ஸி வாங்கிய அட்டைப் பெட்டியில் வருகிற ஃபோம் போதும். மண்டபத்தில் ஆம்பைக் கூட்டினால் ஹாலோ உடம்பு 'ஊஊ' என்று ஊளையிடும், அதையும் இந்தத் துண்டு ஓரளவு தடுக்கும். மீதிக்கு ஆம்பைவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

மலை ஏறுபவர்களுக்கு ஒரு தனிச் சேதி. சேலம் வெயிலில் சுருதி சேர்த்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஐயாயிரம் அடி உயரத்தில் இறங்கி உறையைத் திறந்தால் நான்கு கம்பியும் சற்று ஏறி நிற்கும். குளிரில் எஃகு சுருங்குகிறது, மரம் அந்த வேகத்துக்குச் சுருங்குவதில்லை. மேடையில் விளக்குச் சூடு பட்டதும் மறுபடி இறங்கும். டென்ஷன் குறைந்த செட்டுகளில் இந்த ஆட்டம் பொதுவாகக் கொஞ்சம் அதிகம். தாமஸ்டிக் போட்டிருப்பவர்கள் முதல் பாட்டுக்கு முன்னால் மட்டுமில்லை, மூன்றாவது பாட்டுக்கு அப்புறமும் ட்யூனரைப் பாருங்கள். ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்கு வேறு தொல்லை: மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், மேல்பலகை ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் உயர்ந்து கம்பி ஃபிரெட்டிலிருந்து விலகும். உடனே ஆலன் கீயை எடுத்து நெக்கைத் திருகாதீர்கள். பிரிட்ஜின் இரண்டு பக்கத் திருகைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மார்கழி முடிந்து காய்ந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டால் போதும். அந்த ஈரத்தில் ரவுண்ட்வவுண்டின் இடுக்குகளில் வியர்வை தங்கிக் கறுத்துவிடும். ஃப்ளாட்வவுண்டில் இடுக்கே இல்லை, வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தால் ஆயிற்று.

விலையை நினைத்துத் தயங்குபவர்களுக்கு: சாதா ரவுண்ட்வவுண்டைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும், உண்மைதான். ஆனால் ரவுண்ட்வவுண்டை முழுக்க வாசிப்பவர் சில மாதத்தில் மாற்றுவார், ஃப்ளாட்வவுண்ட் வருடக் கணக்கில் கிடக்கும், மாற்ற மனசே வராது. சேலத்தில் கடை ஏறினால் கையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் லாங் ஸ்கேல் ரவுண்ட்வவுண்டாகத்தான் இருக்கும். சொல்லி வைத்து வரவழைக்கலாம், இல்லையென்றால் ஆன்லைன். எதுவானாலும் அளவுச் சீட்டு கையில் இருக்கட்டும், மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். டடாரியோவில் எஸ் என்றால் ஷார்ட், எம் என்றால் மீடியம். உறையைப் பிரித்ததும் நேரே பேஸில் மாட்டாமல், ஈ-கம்பியை மட்டும் எடுத்து டெயில்பீஸில் குண்டு முனையை வைத்து, நட் வரைக்கும் நீட்டிப் பாருங்கள். மெலிகிற இடம் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். வளைக்காத, வெட்டாத கம்பியைத்தான் கடைக்காரர் திரும்ப வாங்குவார்.

கழற்றிய பழைய செட்டை வீசிவிடாதீர்கள். வட்டமாகச் சுருட்டி, புதுசு வந்த உறையிலேயே போட்டு, மேலே உங்கள் பேஸின் இரண்டு அளவையும் எழுதி பேஸ் பையின் ஜிப்புக்குள் வையுங்கள். முகூர்த்த நாள் மேடையில் ஜி-கம்பி அறுந்தால், அந்த நேரத்தில் குட்டை பேஸுக்குக் கம்பி எந்தக் கடையிலும் கிடைக்காது.